பழைய கார் வாங்கும் முன் அதன் கம்ப்யூட்டரைக் கேளுங்கள்!

கம்ப்யூட்டர் என்றவுடன் மேஜை மேல் இருக்கும் மானிட்டரும் கீபோர்டும்தான் நம் நினைவிற்கு வரும். இன்று ஓடும் கார்களின் உள்ளேயும் ஒரு கம்ப்யூட்டர் உள்ளது. இதனை ஈ.சி.யூ. என்பார்கள். இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் செல்ல வேண்டும் என்பதை இதுவே கணக்கிடுகிறது. கோளாறு ஏற்பட்டால் அதற்கான குறியீட்டை மெமரியில் பதிந்து கொண்டு, டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கை எரிய வைக்கும்.

உரிமையாளரிடமே நேரடியாகப் பழைய கார் வாங்கினால் பொதுவாக வாரண்டி கிடைக்காது. பணம் கொடுத்த பின் ரிப்பேர் செலவு நம்முடையதுதான். மஞ்சள் விளக்கு எரியவில்லை, எனவே கார் நன்றாக உள்ளது என முடிவு செய்து விடாதீர்கள். குறியீட்டை அழித்தால் விளக்கு அணைந்து விடும். கோளாறு அப்படியே இருக்கும். பல கார்களில் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலே குறியீடு அழிந்து விடும். இதனை எப்படிக் கண்டுபிடிப்பது எனப் பார்ப்போம்.

1. சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பவும். ஸ்டார்ட் செய்ய வேண்டாம். இப்போது மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் செய்தவுடன் அணைய வேண்டும். முதலிலேயே எரியாவிட்டால், விளக்கின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கலாம்.

2. ஸ்டியரிங்கிற்குக் கீழ்ப்பகுதியில் 16 பின்கள் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். அதில் ஈ.எல்.எம். 327 என்னும் சிறிய ப்ளூடூத் அடாப்டரைச் செருகவும். உதிரி பாகக் கடைகளிலும் ஆன்லைனிலும் இது கிடைக்கும்.

3. உங்கள் ஆண்ட்ராய்ட் போனில் டார்க், கார் ஸ்கேனர் போன்ற ஏதேனும் ஒரு அப்ளிகேஷனை நிறுவி, அடாப்டருடன் இணைக்கவும். குறியீடுகள் இருந்தால் திரையில் தோன்றும். பி0300 என்றால் சிலிண்டர்களில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். பி0420 என்றால் புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வர்ட்டரின் திறன் குறைந்துள்ளது.

4. குறியீடே இல்லையா? அடுத்து, குறியீடுகளை அழித்த பின் கார் ஓடிய தூரத்தைப் பாருங்கள். பல கார்கள் இதனைத் தரும். தராவிட்டால் ரெடினஸ் மானிட்டர் பகுதியைப் பார்க்கவும். பல சோதனைகள் முடியவில்லை எனக் காட்டினால், மெமரி அண்மையில் அழிக்கப்பட்டிருக்கலாம்.

என் நண்பருக்காக நான் சோதித்த காரில் குறியீடு எதுவும் இல்லை. ஆனால் அழித்த பின் ஓடிய தூரம் 9 கி.மீ. மட்டுமே. "பேட்டரி மாத்தினேன் தம்பி" என்றார் உரிமையாளர். அது உண்மையாகவும் இருக்கலாம் அல்லவா? எனவே, "சார், நீங்க வழக்கம்போல ஓட்டுங்க, நாலு நாள் கழிச்சு வர்றோம்" என்றோம். மீண்டும் சென்றபோது பி0300 வந்திருந்தது. நண்பர் அந்தக் காரை வாங்கவில்லை.

ஒரு எச்சரிக்கை: குறியீட்டை அழிக்கும் பட்டனும் இதே அப்ளிகேஷனில் இருக்கும். அடுத்தவர் காரில் அதைத் தொடாதீர்கள். உரிமையாளரின் அனுமதி பெற்றே அடாப்டரைச் செருகவும். பிரேக், டயர், துரு, விபத்து அடி ஆகியவற்றை இது காட்டாது. அதற்கு நல்ல மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லவும்.

பேப்பர்களையும் வீட்டிலிருந்தே ஓரளவு சரி பார்க்கலாம். மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து இன்சூரன்ஸ், கடன், அபராத விவரங்களைப் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் காரில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கடன் பதிவு இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் தேவை. பெயர் மாற்றத்திற்குப் படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கவும். 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்து விடுங்கள்.

இவை அனைத்தும் முடியும் வரை அட்வான்ஸ் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.