மழையைப் பணமாக எண்ணும் நாடு

ஒரு நாட்டின் பணத்திற்கு ‘மழை’ என்று பெயர் என்றால் நம்புவீர்களா, தோழியரே? ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள போட்ஸ்வானாவில் பணத்தைப் ‘பூலா’ என்பர். அவர்களது செட்ஸ்வானா மொழியில் பூலா என்றால் மழை. பொதுக்கூட்டங்களில் மக்கள் ஒரே குரலாக ‘பூலா!’ என்று முழங்குவர். நாட்டின் சின்னத்திலும் அச்சொல்லே பொறிக்கப்பட்டுள்ளது. பிரான்சைவிடச் சற்றுப் பெரிய அந்நாட்டின் பெரும்பகுதி கலஹாரிப் பாலைநிலம் என்பதை அறிந்தால், ஏன் இப்பெயர் என்பது விளங்கும்.

பாலை என்றதும் வெறும் மணற்காடு என்று எண்ணிவிடாதீர்கள். கலஹாரியில் புல்லும் முள்மரங்களும் உண்டு. அதன் வடக்கே இயற்கை ஓர் அதிசயத்தையே நிகழ்த்தியிருக்கிறது. ஆறு கடலில் கலக்கும் என்றுதானே நாம் சிறுவகுப்பு முதல் படித்து வருகிறோம்? ஒகவாங்கோ ஆறு கடலையே காண்பதில்லை. அங்கோலா நாட்டு மலைகளில் ஆண்டின் தொடக்கத்தில் பெய்யும் மழை, நூற்றுக்கணக்கான மைல் மெல்ல நடந்து போட்ஸ்வானாவுக்குள் வந்து, விசிறிபோல் விரிந்து மணலில் பரவுகிறது. அது வந்து சேர்ந்து பெருகும் காலம் ஜூன், ஜூலை, ஆகஸ்டு. அங்கே அது மழையே இல்லாத வறண்ட காலம்! சுற்றிலும் நிலம் காய்ந்து கிடக்கையில் இங்கு மட்டும் வெள்ளம். யானையும் எருமையும் மானும் கூட்டங்கூட்டமாக வந்து சேர்கின்றன.

அங்குள்ள தீவுகள் பலவற்றுக்கு அடித்தளமிட்டவை கறையான்கள் என்று படித்தபோது எனக்கு வியப்புத் தாங்கவில்லை. புற்று மேடாக உயர்கிறது. அதன்மேல் மரம் முளைக்கிறது. மரம் நீரை உறிஞ்ச, நீரிலுள்ள உப்பு தீவின் நடுவே தங்கிவிடுகிறது. அதனால்தான் சுற்றியுள்ள நீர் உவர்க்காமல் இருக்கிறதாம். 2014-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் ஆயிரமாவது இடமாக ஒகவாங்கோ சேர்க்கப்பட்டது.

இனி நாட்டின் கதைக்கு வருவோம். 1966 செப்டம்பர் 30-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றபோது அது உலகின் மிக ஏழை நாடுகளுள் ஒன்று. கடும் வறட்சி வேறு. தார் போட்ட சாலை சுமார் 12 கிலோமீட்டர்தான். மறு ஆண்டே ஒராப்பா என்னுமிடத்தில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது.

இதை வீட்டில் சொன்னேன். “வைரம் கிடைத்தால் யார்தான் முன்னேற மாட்டார்கள்?” என்றார் அப்பா. எனக்கு அது சரியாகப்படவில்லை. சியரா லியோனிலும் வைரம் கிடைத்தது. 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போருக்கு அதுவே தீனியாயிற்று. போட்ஸ்வானாவில் வைரம் கிடைத்த மண், முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமாவின் சொந்தக் குலத்தாருடையது. அவர் நினைத்திருந்தால் அச்செல்வத்தைத் தம் குலத்தாருக்கே வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் 1967-இல் இயற்றிய சட்டத்தால் சுரங்க உரிமை நாடு முழுவதற்கும் பொதுவாயிற்று. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் அவ்வருவாயில் எழுந்தன. அப்பா சிறிது யோசித்துவிட்டு, “அப்படியானால் சரிதான்” என்றார்.

இவ்வாறு நிமிர்ந்த நாட்டை எய்ட்ஸ் நோய் வீழ்த்தப் பார்த்தது. 2000-ஆம் ஆண்டையொட்டி, 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் நால்வருக்கு ஒருவருக்கு மேல் எச்.ஐ.வி. கிருமி தொற்றியிருந்தது. அறுபதைத் தாண்டியிருந்த சராசரி ஆயுள் ஐம்பதுக்கும் கீழே இறங்கியது. எத்தனை குழந்தைகள் பாட்டிமாரின் கையில் வளர்ந்திருப்பார்கள்! அன்றைய குடியரசுத் தலைவர் ஃபெஸ்டஸ் மொகாய் நோயை மூடி மறைக்கவில்லை. தம் மக்கள் அழிந்தே போகக்கூடும் என்று உலகறியச் சொன்னார். அவமானம் என்று வாய் திறவாமல் பல தலைவர்கள் இருந்த காலம் அது.

சொன்னதோடு நிற்கவில்லை. 2002-இல் ‘மாசா’ என்ற திட்டத்தின்கீழ் குடிமக்களுக்கு அரசே இலவசமாக மருந்து கொடுக்கத் தொடங்கியது. மாசா என்றால் புதிய விடியல். ஆப்பிரிக்காவில் நாடு தழுவிய அளவில் இதைச் செய்ததில் போட்ஸ்வானாவே முன்னோடி. வெளிநாட்டு உதவி கிடைத்தது உண்மையே. ஆயினும் வைர வருவாய் இல்லையேல் இது நடந்திராது. கருவுற்ற தாய் மருந்து உட்கொண்டால் பிள்ளைக்கு நோய் பரவாமல் பெரும்பாலும் தடுக்கலாம். இதில் அந்நாடு கண்ட வெற்றியை 2021-இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்துப் பாராட்டியது. நோய் மிகுந்த நாடுகளில் இப்பாராட்டைப் பெற்ற முதல் நாடு இதுவே. எச்.ஐ.வி. ஆராய்ச்சிக்கென வளர்ந்த அங்குள்ள ஆய்வுக்கூடந்தான், அதே 2021 நவம்பரில் கொரோனாக் கிருமியின் ஒமிக்ரான் வகையை முதலில் கண்டறிந்தவற்றுள் ஒன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஆனால் வைரத்தை நம்பிய நாட்டிற்கு ஒரு புதுக் கவலை வந்துள்ளது. ஆலையில் செய்யும் செயற்கை வைரம் மலிவாகக் கிடைப்பதால், மண்ணில் தோண்டிய வைரத்தை வாங்குவோர் குறைந்தனர். அரசின் வருவாயும் சுருங்கியது. மருத்துவமனைகளில் மருந்துத் தட்டுப்பாடு முற்றியதால், 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் டூமா போக்கோ பொதுச் சுகாதார நெருக்கடி நிலையை அறிவித்தார். மருந்து வாங்க 25 கோடி பூலா உடனே ஒதுக்கப்பட்டது. அம்மருந்துகள் தொலைவிலுள்ள ஊர்களுக்கும் தவறாமல் போய்ச் சேருகின்றனவா என்று கண்காணிக்கும் பொறுப்பு இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது.