குப்பைமேட்டில் ஒரு கல்விக்காடு

நகரக் கழிவுகளால் பாழான நிலத்தை மீண்டும் உயிர்ப்பிக்க இயலுமா? மும்பையில், தாராவியை அடுத்து மித்தி ஆற்றங்கரையில் அமைந்துள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இவ்வினாவிற்கு விடையளிக்கின்றது.

ஏறத்தாழ 37 ஏக்கர் பரப்புள்ள இந்நிலம் 1977 வரை மாநகரின் குப்பை கொட்டுமிடமாக இருந்தது. அங்கு இயற்கைக் கல்வி மையம் ஒன்றை நிறுவலாம் என்னும் யோசனையை உலக வனவிலங்கு நிதியத்தின் இந்தியக் கிளை முன்வைத்தது. பெருநகர் வட்டார வளர்ச்சி ஆணையம் அதனைச் செயற்படுத்தியது. 1983-இல் பறவையியல் அறிஞர் சாலிம் அலி முதல் மரக்கன்றை நட்டார். 1994 ஏப்ரல் 22, புவி நாளன்று பூங்கா திறக்கப்பட்டது.

மண் உருவாகும் முறை

மக்கும் குப்பையிலிருந்து வெப்பமும் மீத்தேன் வாயுவும் வெளிப்படுகின்றன. வேர்களுக்கு வேண்டிய உயிர்வளி குறைகின்றது. ஆகவே, இத்தகைய நிலத்தில் முதலில் மண் பரப்பி, வறட்சியைத் தாங்கும் மரங்களை நடுதல் வேண்டும். அவை உதிர்க்கும் இலைகள் மட்கி மண்ணை வளப்படுத்தும். வளமான மண் ஈரத்தைத் தேக்கும். பின்னர் பூச்சிகளும் பறவைகளும் வந்தடையும். மூலிகைச் செடிகள், வண்ணத்துப்பூச்சிகள், மழைநீர்க் குளம், ஆற்றோர அலையாத்தி மரங்கள் ஆகியவற்றை இன்று மாணவர்கள் இங்கு நேரிற் கண்டு கற்கின்றனர்.

நிலத்தின் மதிப்பு

நெருக்கமான குடியிருப்புகளுக்கும் பாந்திரா-குர்லா வணிக வளாகத்திற்கும் இடைப்பட்ட இந்நிலத்தின் விலைமதிப்பு மிகப் பெரிது. ஆயினும், 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பொழிந்து மித்தி கரைபுரண்டபோது, ஆற்றோரத்தில் கட்டடமற்ற நிலத்தின் தேவை நகருக்குப் புலனாயிற்று. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தினுள் பூங்காவும் அடங்குமோ என்ற ஐயம் நீதிமன்றம் வரை சென்றது. பூங்கா அத்திட்டத்தில் சேராது என 2023-இல் உயர்நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

படிப்பினைகள்

குப்பை கொட்டுவது நின்றதற்கும் பூங்கா திறக்கப்பட்டதற்கும் இடையே பதினேழு ஆண்டுகள் கழிந்தன. ஓராண்டு நிதி ஒதுக்கீட்டிற்குள் காடு வளர்ந்துவிடாது என்பதைத் திட்டமிடுவோர் உணர்தல் வேண்டும். நட்ட மரங்களுக்கு நீர் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது நிலத்திற்குரிய சட்டப் பாதுகாப்பு. இவ்விரண்டும் அமையுமாயின், ஒவ்வொரு நகராட்சியும் தன் குப்பைமேட்டை மாணவர்களின் பாடசாலையாக மாற்ற இயலும்.