உருளும் வேலை மேசை

தச்சர் தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறார். கால் விரல்களால் மரத்தை அழுத்திப் பிடிக்கிறார். இரண்டு கைகளாலும் இழைப்புளியைத் தள்ளுகிறார். இந்தியாவில் பல ஊர்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

கால் நல்ல இடுக்கிதான். ஆனால் உளி வழுக்கினால் அது போய்க் குத்துவதும் காலில்தான். நாள் முழுதும் குந்தி இருந்தால் முழங்கால் வலிக்கும். இடுப்பு பிடித்துக்கொள்ளும். தச்சருக்கு உடம்புதான் முதல். உடம்பு படுத்தால் அன்றைய கூலி இல்லை.

மேசை இருந்தால் நின்று வேலை செய்யலாம். இது தச்சர்களுக்குத் தெரியாதது அல்ல. அப்படியானால் ஏன் மேசை போடுவதில்லை? இடம் இல்லை. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் பட்டறை என்றால் பல பேருக்கு ஒரே ஒரு சிறிய அறை. பகலில் அங்கே வேலை நடக்கும். இரவில் அங்கேயே பாய் விரிப்பார்கள். அந்த அறையில் எட்டு அடி மேசையை எங்கே போடுவது?

எட்டு அடி மேசையை நான்கு அடியாக மடக்கலாம். அடியில் சக்கரம் வைத்துச் சுவர் ஓரம் தள்ளிவிடலாம். அந்த மேசையைச் செய்யும் முறையைப் பார்ப்போம்.

மேசையின் நடுப்பகுதி நிலையாக நிற்கும். அதன் இரண்டு முனைகளிலும் இரண்டு பலகைகள் கீலில் தொங்கும். வேலை வந்தால் பலகையைத் தூக்கி நிறுத்தலாம். வேலை முடிந்தால் இறக்கிவிடலாம். பறவையின் சிறகு போல விரிந்து மடங்குவதால் இதை இறக்கை என்று சொல்லலாம்.

ஒரே பலகை போதும்

கடையில் விற்கும் முழு ஒட்டுப்பலகையின் அளவு 8 அடிக்கு 4 அடி. பிளைவுட் என்று கேட்டாலும் தருவார்கள். 18 மில்லிமீட்டர் கனம் உள்ளதை வாங்குங்கள். அது ஏறக்குறைய முக்கால் அங்குலம். பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். மீட்டர் முறைக்கான சட்டம் 1956ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனாலும் மரக்கடையில் நீளமும் அகலமும் அடியில், கனம் மட்டும் மில்லிமீட்டரில்! இரண்டையும் படிக்கத் தெரிந்தவரைக் கடையில் ஏமாற்றுவது கடினம்.

பலகையை நீளவாக்கில் இரண்டாக அறுங்கள். 2 அடி அகலத்தில் 8 அடி நீளப் பட்டைகள் இரண்டு கிடைக்கும். முதல் பட்டையில் ஒரு 4 அடித் துண்டு, இரண்டு 2 அடித் துண்டுகள் எடுங்கள். 4 அடித் துண்டு மேசையின் மேல்பலகை. 2 அடித் துண்டுகள் இரண்டும் இறக்கைகள். இரண்டாவது பட்டையில் 4 அடித் துண்டுகள் இரண்டு. ஒன்றை மேல்பலகையின் அடியில் பசை போட்டு ஒட்டி, திருகாணி முடுக்குங்கள். மேசைக்கு ஒன்றரை அங்குலக் கனம் வந்துவிடும். மற்றது கீழ்த்தட்டு. அதில் கருவிப் பெட்டியை வைக்கலாம். பலகையில் எதுவும் வீணாகாது.

அறுத்த பிறகு அளந்தால் ஒரு தகராறு வரும். “அண்ணே, ரெண்டு அடின்னு கோடு போட்டுத்தானே அறுத்தேன். இப்ப ஒரு நூல் குறையுதே?” என்பான் கூட வேலை செய்யும் பையன். அவன் அளந்தது சரிதான். ரம்பத்தின் பல் போகும் வழியில் உள்ள மரம் தூளாகிப் போகிறது. அந்தக் கனத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்த மேசைக்கு ஒரு நூல் குறைந்தால் கெடுதல் இல்லை. ஆனால் எல்லாத் துண்டுகளும் ஒரே மாதிரி குறைய வேண்டும். அறுப்பதற்கு முன்பே எல்லா அளவுகளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அறுத்த துண்டின் எதிரே ஒரு கோடு போடுங்கள். மனதில் வைத்த அளவு மதியச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடும்.

எவ்வளவு உயரம்?

நேராக நில்லுங்கள். கைகளைத் தொங்கவிடுங்கள். தரையிலிருந்து மணிக்கட்டு வரை அளந்து பாருங்கள். அந்த உயரமே உங்கள் மேசையின் உயரம். அடுத்தவர் மேசையைப் பார்த்து அளவு எடுக்காதீர்கள். அது அவர் கைக்குச் செய்தது.

உங்கள் அளவு 33 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்பலகையின் கனம் ஒன்றரை. காலின் அடியில் போடும் அடிக்கட்டை 2. நான்கு அங்குலச் சக்கரம், அதன் தகட்டோடு சேர்த்து ஏறக்குறைய 5. மூன்றையும் கூட்டினால் எட்டரை. 33இல் எட்டரை போனால் மீதி இருபத்து நான்கரை அங்குலம். காலின் நீளம் அதுதான்.

காலுக்கும் சட்டத்துக்கும் வேப்ப மரம், மா மரம் போதும். வடக்கே சால் மரம் கிடைக்கும். எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரம் பின்னால் சுருங்கும். பொருத்து லொடலொட என்று ஆடும்.

கால்களைச் சட்டம் போட்டு இணைப்பது தச்சருக்குப் புதிது அல்ல. நீளம் 44 அங்குலம், அகலம் 22 அங்குலம் வரட்டும். அந்த அளவுக்கே கீழ்த்தட்டை வெட்டிப் பொருத்துங்கள். மேல்பலகை நான்கு பக்கமும் சற்று வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

இறக்கையைத் தாங்குவது எது?

இந்த மேசையில் கவனமாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான். தாங்கல் சரியில்லை என்றால் இறக்கை திடீரென்று விழும். அதன்மேல் இருக்கும் கதவுப் பலகை காலில் விழும். கீலில் விரல் நசுங்கும்.

முதலில் கீல். ஒட்டுப்பலகையின் விளிம்பில் திருகாணி பிடிக்காது, அடுக்கு பிளந்துவிடும். ஆகவே மேல்பலகையின் இரண்டு முனைகளிலும் ஒரு அங்குல அகலக் கெட்டி மரச் சட்டத்தை ஒட்டி முடுக்குங்கள். நீளக் கீல் வாங்குங்கள். அதன் ஒரு இதழ் இந்தச் சட்டத்தின் பக்கவாட்டில், கீழ்ப்பாதியில். மறு இதழ் இறக்கையின் அடியில். இறக்கையைத் தூக்கினால் அது மேசையோடு சமமாக வர வேண்டும்.

அடுத்து தாங்கு கட்டைகள். ஒவ்வொரு இறக்கைக்கும் இரண்டு. இவை மேல்பலகையின் அடியில் இழுப்பறை போல உள்ளே போய் வெளியே வரும். இவை நுழைவதற்கு முனைச் சட்டத்தில் பள்ளம் வெட்டுங்கள். நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் போட்டு அதிலும் பள்ளம் வெட்டுங்கள். இடது பக்கக் கட்டையும் வலது பக்கக் கட்டையும் ஒரே கோட்டில் வரக் கூடாது. உள்ளே போகும்போது ஒன்றை ஒன்று முட்டிக்கொள்ளும். பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

கட்டையின் நீளம் 40 அங்குலம். வெளியே வருவது 16 அங்குலம். மீதி 24 அங்குலம் உள்ளேயே இருக்க வேண்டும். இறக்கையில் பாரம் ஏறினால் கட்டையின் வெளிமுனை கீழே போகப் பார்க்கும். உள்முனை மேலே எழப் பார்க்கும். மேல்பலகை அதை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் பகுதி நீளமாக இருந்தால்தான் அந்தப் பிடி பலமாக இருக்கும்.

மேல்பலகை இரட்டைக் கனம், இறக்கை ஒற்றைக் கனம். அதனால் கட்டைக்கும் இறக்கைக்கும் இடையே முக்கால் அங்குலச் சந்து வரும். இறக்கையின் அடியில், கட்டைகளுக்கு நேராக, முக்கால் அங்குல ரீப்பரை அடித்து அதை நிரப்புங்கள். கீலிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி அடியுங்கள். இல்லாவிட்டால் இறக்கை மடங்காது.

கட்டையை முழுதும் இழுத்ததும், முனைச் சட்டத்தை ஒட்டி வெளிப்பக்கம் கட்டையில் குறுக்காக ஒரு துளை போடுங்கள். அதில் ஒரு மர முளையைச் செருகுங்கள். யாராவது இடித்தாலும் கட்டை உள்ளே போகாது. சின்ன வேலைதான். ஆனால் முளை செருகாமல் இறக்கையின்மேல் எதையும் வைக்காதீர்கள். பிள்ளைகளை அதன்மேல் உட்காரவும் விடாதீர்கள்.

சக்கரம்

பூட்டு உள்ள சக்கரம் நான்கு வாங்குங்கள். ஒவ்வொன்றையும் நான்கு போல்ட், நட்டு, வாஷர் போட்டு அடிக்கட்டையில் முடுக்குங்கள். திருகாணி போதாது. மேசை உருளும்போது கழன்று வந்துவிடும்.

பூட்டிய சக்கரமும் சிறிது ஆடத்தான் செய்யும். இழைக்கும்போது மேசையின் ஒரு முனையைச் சுவரில் முட்டுக் கொடுங்கள். சக்கரங்களின் இரண்டு பக்கமும் ஆப்பு வையுங்கள். மின் ரம்பம், துளைக் கருவி வைத்திருப்பவர்கள் மேசையைத் தள்ளும்முன் மின் கம்பியைச் சுருட்டி வைக்க வேண்டும். சக்கரம் ஏறினால் கம்பியின் உறை கிழியும்.

விரித்தால் இந்த மேசை 8 அடிக்கு 2 அங்குலம் கூடுதல். மடக்கினால் 4 அடி 4 அங்குலம். இறக்கை தரையைத் தொடாது. எட்டு அங்குலம் மேலேயே நிற்கும். அடியில் பெருக்கலாம்.

பயிற்சி

1. உங்கள் மணிக்கட்டு உயரம் எவ்வளவு? அளந்து எழுதுங்கள்.

2. அந்த உயரத்துக்கு மேசையின் கால் எத்தனை அங்குலம் இருக்க வேண்டும்? கணக்குப் போடுங்கள்.

3. கடையில் 5 அங்குலச் சக்கரம்தான் இருக்கிறது. தகட்டோடு அதன் உயரம் 6 அங்குலம். இப்போது காலின் நீளம் எவ்வளவு?