வேட்டையர் காவலரான வரலாறு: ‘கிரே அவுல்’ திரைப்படம் – ஒரு நோக்கு

வாழ்க்கை வரலாற்றைப் படமாக்க முனைவோர்க்குக் கடமைகள் இரண்டு. நடந்ததை மறைத்தலாகாது, நடந்ததன் பொருளை உணர்த்தாமலும் விடலாகாது. ‘காந்தி’ (1982) படத்தை உருவாக்கிய ரிச்சர்ட் அட்டன்பரோ, 1999-இல் வெளிவந்த ‘கிரே அவுல்’ படத்தில் இவ்விரண்டையும் எவ்வாறு நிறைவேற்றினார் என்பதை ஈண்டுக் காண்போம். ‘சாம்பல் ஆந்தை’ என்பது இப்பெயரின் பொருள்.

வாழ்வும் மாற்றமும்

ஆர்ச்சி பெலேனி 1888-இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் பிறந்து, அத்தைமாரிடம் வளர்ந்தவர். 1906-இல் கனடா சென்று, டெமகாமி ஏரிப் பகுதியில் ஒஜிப்வே மக்களிடம் காட்டு வாழ்வைக் கற்றார். பொறிவைத்து விலங்குகளைப் பிடித்துத் தோல் விற்பதே அவர் தொழில். தந்தை ஸ்காட்லாந்தியர், தாய் அப்பாச்சி இனத்தவர் எனத் தம்மைப் பற்றிப் புனைந்து கூறினார்.

1925-இல் மோகாக் மரபினரான அனஹாரியோவைச் சந்தித்தார். தாயை இழந்த இரு பீவர் குட்டிகளைக் காப்பாற்றுமாறு அப்பெண்மணி வேண்டினார். அக்குட்டிகளை வளர்த்த கை பின்னர்ப் பொறி வைக்க மறுத்தது. பீவர் என்பது மரங்களைப் பல்லால் அறுத்து, ஓடைகளில் அணை கட்டும் விலங்கு. அவ்வணையால் தேங்கும் நீர் மீனுக்கும் பறவைக்கும் வாழ்விடமாகிறது. தோலுக்காக அவ்விலங்கை அழிப்பது நீர்நிலையையே அழிப்பதாகும் என அவர் உணர்ந்தார்.

1931-இல் கனடா அரசின் தேசியப் பூங்காத் துறை அவரைப் பணியமர்த்தியது. பின்னர், பிரின்ஸ் ஆல்பர்ட் பூங்காவின் அஜவான் ஏரிக்கரையில் மரக்குடில் அமைத்து வாழ்ந்தார். நூல்கள் எழுதினார்; இங்கிலாந்திலும் சொற்பொழிவாற்றினார். லெஸ்டர் நகரில் அவர் உரையைக் கேட்ட சிறுவர்களுள் அட்டன்பரோவும் ஒருவர். 1938 ஏப்ரலில் அவர் மறைந்தவுடன் உண்மை வெளிப்பட்டது. நூல்களின் மதிப்பும் சரிந்தது.

திரைப்படத்தின் நிறையும் குறையும்

பியர்ஸ் பிராஸ்னன் ஆர்ச்சியாகவும், ஆனி கலிப்போ அனஹாரியோவாகவும் நடித்துள்ளனர். முதல், கரு, உரி எனும் நம் இலக்கண நோக்கில் காணின், பனிக்காடும் ஏரியும் முதற்பொருளாகவும், பீவர் கருப்பொருளாகவும் சிறப்புற அமைந்துள்ளன. ஆயின் உரிப்பொருளாகக் காதலையே படம் முதன்மைப்படுத்துகிறது. 1910-இல் அவர் மணந்து பின் விட்டகன்ற ஒஜிப்வே மனைவி ஏஞ்சலின் துயரம் உரிய இடம் பெறவில்லை. தொல்குடியினர் தம் குரலில் பேச வேண்டிய மேடையில், அவர்தம் உடையணிந்த வேறொருவர் நின்றார் என்னும் வினாவையும் படம் ஆழ்ந்து ஆராயவில்லை.

முடிவுரை

பொய்ப்பெயர் தாங்கியவர் கூறிய மெய்யை ஏற்கலாமா? காட்டைக் காக்க வேண்டும் என்ற அவர் கருத்துக்கு அவர் பிறப்புச் சான்றாகாது. ஏரியும் அணையுமே சான்று. ஆதலின் கருத்தைக் கொள்வோம். அதேபோழ்து, அப்பொய்யைச் சிறிதாக்கவும் வேண்டா. அவருக்குக் காட்டைக் கற்பித்த மக்களும், பொறியைக் கைவிடச் செய்த அனஹாரியோவும் பெறவேண்டிய புகழை அது மறைத்தது. அனஹாரியோ 1986-இல் மறைந்து, அவ்வேரிக்கரையில் அவர் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். இப்படத்தைக் காணும் மாணவர், தலைப்பில் உள்ள பெயரோடு அப்பெண்மணியின் பெயரையும் நினைவிற் கொள்ளுதல் நன்று.