மாத்திக் கட்டின பழைய அம்பாசடர்: ஸ்பேனரை எடுக்கும் முன்னாடி ஆர்சி புக்கை எடுங்க

புது கார் லோன், செகண்ட் ஹேண்ட் கார் லோன் எல்லாம் நம்ம சேனல்ல பேசியாச்சு. இன்னைக்குப் பேசப்போறது ஷோரூமிலும் கிடைக்காத, பேங்கும் பெரும்பாலும் கடன் தராத ஒரு காரைப் பற்றி. ஏற்கெனவே கண்டபடி மாத்தி வச்ச ஒரு பழைய காரை எடுத்து, நம்ம இஷ்டத்துக்குத் திரும்பக் கட்டுறது. ஆசை நியாயமானதுதான். ஆனா சம்பளக்காரரோட சேமிப்பை சத்தமில்லாம காலி பண்ற ஆசைகளில் இதுவும் ஒண்ணு.

ஒரு உதாரணம் வச்சுக்குவோம். நெய்வேலி டவுன்ஷிப்ல அப்பா அம்மாவோட கம்பெனி குவார்ட்டர்ஸில் இருக்கும் 27 வயசுப் பையன். கைக்கு வரும் சம்பளம் 48,000 ரூபாய். தாத்தா 1972-ல் வாங்கின அம்பாசடர் மந்தாரக்குப்பத்தில் சித்தப்பா வீட்டு ஷெட்டில் நிக்குது. 90-களில் அதோட பழைய 1489 சிசி இன்ஜினைக் கழட்டிட்டு, காண்டெஸாவில் வந்த இசுசு 1.8 லிட்டர் இன்ஜினை ஏத்தியிருக்காங்க. அதுக்கப்புறம் வீல் ஆர்ச்சை வெட்டி அகல டயர், புது டேஷ்போர்டு, வேற சீட்டு, நாலு தடவை பெயிண்ட். இப்போ பேரன் இதை ஒரு கஸ்டம் காரா கட்டணும்னு ஆசைப்படறான். கையில 1,60,000 ரூபாய் இருக்கு. முதல் வேலையா அலாய் வீல் விலை விசாரிக்க ஆரம்பிச்சுட்டான்.

அதுதான் கடைசியில வாங்க வேண்டிய பொருள்.

முதல்ல ஒரு தப்பான நம்பிக்கையைத் தீர்த்துடுவோம். “50 வருஷம் தாண்டிடுச்சு, விண்டேஜ் கார்னு பதிவு பண்ணிட்டா பிரச்சினை முடிஞ்சுது”ன்னு பல பேர் சொல்வாங்க. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது உண்மை. முதல் பதிவிலிருந்து 50 வருஷத்துக்கு மேல் ஆன காரும் டூவீலரும் இதில் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், நம்பர் பிளேட்டில் ‘விஏ’ன்னு தனி எழுத்து. ஆனா அதே விதியில் இன்னொரு நிபந்தனையும் இருக்கு. வண்டி அதோட அசல் வடிவத்தில் இருக்கணும். சேசிஸ், பாடி ஷெல், இன்ஜின் இதில் மாற்றம் செய்யும் பெரிய வேலை எதுவும் நடந்திருக்கக் கூடாது. மாநில அரசு அமைக்கும் குழு வண்டியை நேரில் பார்த்துத்தான் முடிவு சொல்லும். அது போக, விண்டேஜ் வண்டியைத் தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, சர்வீஸுக்கு, அவ்வளவுதான்.

நம்ம பையனோட கார் வயசுல பாஸ், உடம்புல ஃபெயில்.

சரி, சாதாரண காராவே ஓட்டலாமே? இங்கதான் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வருது. ஆர்சியில் உள்ள விவரம், தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாத்தக் கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இதை உறுதியா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதி இல்லாம மாத்தும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும்னு 182ஏ பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும்ங்கிற வார்த்தையைக் கவனிங்க. நம்ம உதாரணக் காரில் இன்ஜின் ஒண்ணு, வெட்டின பாடி ஒண்ணு, இப்படித் தனித்தனியா எண்ணலாம்.

“மாத்தினது நான் இல்லையே, முன்னாடி வச்சிருந்தவர்தானே”ன்னு கேட்கலாம். செக்போஸ்ட்டில் நிக்கும்போது ஸ்டியரிங் பிடிச்சிருக்கிறது நீங்கதானே!

அதனால இந்த ப்ராஜெக்ட்டோட முதல் செலவு பேப்பருக்கு. ஆர்சியை எடுத்து அதில் உள்ள இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், எரிபொருள், சீட் எண்ணிக்கை, கலர் எல்லாத்தையும் வண்டியில் இருக்கறதோட ஒத்துப் பாருங்க. சேசிஸ் நம்பருக்கு ஒரு பென்சில் பிரிண்ட் எடுத்து வச்சுக்கோங்க. 90-களில் இன்ஜின் மாத்தினவங்க அப்பவே ஆர்டிஓவில் அனுமதி வாங்கி ஆர்சியில் ஏத்தியிருந்தா பாதிப் பாரம் குறைஞ்சுது. ஏத்தலைன்னா, இப்போ அதுக்கு வழி இருக்கான்னு கடலூர் ஆர்டிஓவில் விண்ணப்பம் போட்டு எழுத்துல பதில் வாங்குங்க. டீக்கடையில் ஒரு ஏஜென்ட் “பண்ணிடலாம் சார்”னு சொன்னது பதில் இல்ல.

தாத்தா பேரிலேயே ஆர்சி இருந்து அவர் காலமாகியிருந்தா, வாரிசு பேருக்கு மாற்ற ஃபார்ம் 31. உயிரோட இருக்கறவரிடமிருந்து வாங்கினா ஃபார்ம் 29, 30. அந்தக் காலத்து லோன் ஆர்சியில் இன்னும் அடமானமா நின்னா, கடன் முடிஞ்சும் ரத்து பண்ணலைன்னு அர்த்தம். ஃபார்ம் 35-ல் கடன் கொடுத்தவர் கையெழுத்து வேணும். அந்த நிறுவனமே இழுத்து மூடியிருந்தா அலைச்சல் ஜாஸ்தி. பழைய புத்தக ஆர்சி ஆன்லைனில் இல்லாட்டி பேக்லாக் என்ட்ரி போடச் சொல்லணும். அப்புறம் ஃபார்ம் 25-ல் பதிவைப் புதுப்பிக்கணும், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. 20 வருஷத்துக்கு மேலான கார்களுக்கு இந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆகிடுச்சு. பசுமை வரி, விட்டுப்போன காலத்துக்கான பாக்கி இருந்தா அது தனி.

இன்ஷூரன்ஸையும் இதோட பாருங்க. 2022 ஜூனில் வந்த தேர்ட் பார்ட்டி பிரீமியம் 1000 முதல் 1500 சிசி வரை 3,416 ரூபாய், 1500 சிசிக்கு மேல் 7,897 ரூபாய். ஆர்சியில் 1489, பானெட்டுக்குள்ள 1817. குறைஞ்ச பிரீமியத்தைக் கட்டிட்டு ஓட்டலாம்னு தோணும். ஒரு விபத்து நடந்து சர்வேயர் பானெட்டைத் திறந்தா அந்த 4,481 ரூபாய் மிச்சம் எவ்வளவு பெரிய செலவுன்னு தெரியும்.

நெய்வேலிக்காரங்களுக்கு மட்டும் ஒரு குறுக்குச் செய்தி. பொதுத்துறை ஏலத்தில் பழைய ஜீப், அம்பாசடர் எடுத்துக் கட்டலாம்னு இன்னும் சிலர் பேசறாங்க. 2023 ஏப்ரல் 1 முதல், 15 வருஷம் தாண்டின அரசு மற்றும் பொதுத்துறை வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிக்க முடியாது. பதிவு பெற்ற ஸ்கிராப்பிங் மையத்துக்குத்தான் போகணும். அப்படிப்பட்ட வண்டி உங்க கைக்கு வந்தாலும் அது ரோட்டுக்கு வராது.

பேப்பர் தெளிவாயிட்டா ரெண்டாவது செலவு, வண்டியைக் கழட்டிப் பார்க்கறது. கட்டறது இல்ல, பார்க்கறது மட்டும்.

அம்பாசடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-லிருந்து வந்த வண்டி. அதுக்குத் தனி சேசிஸ் சட்டம் கிடையாது, பாடியே சட்டம். அதே காலத்தில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வேற மாதிரி, தனிச் சட்டத்து மேல பாடியை போல்ட் போட்டு உட்கார வச்சது. ஹெரால்டில் பாடி துருப்பிடிச்சா கழட்டி வேலை பார்க்கலாம். அம்பாசடரில் கதவுக்குக் கீழ ஓடும் சில், தரைத்தகடு, ஜாக்கி வைக்கும் இடம், பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம் துருப்பிடிச்சா வண்டியோட முதுகெலும்பே போச்சு. மேல பளபளன்னு பெயிண்ட் இருக்கறதால ஒண்ணும் தெரியாது. ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுத்தி பாடி முழுக்க வச்சுப் பாருங்க. ஒட்டாம நழுவுற இடத்துல தகடு இல்ல, பட்டிதான் கனமா இருக்கு. நாலு தடவை பெயிண்ட் அடிச்ச வண்டியில் பட்டி மேல பட்டி ஏறியிருக்கும். கடலூர் மாவட்டத்து ஐப்பசி கார்த்திகை மழையில் ஒழுகுற ஷெட்ல வருஷக்கணக்கா நின்ன வண்டின்னா சந்தேகமே வேண்டாம்.

அதோட, பெரிய இன்ஜினை ஏத்தினவங்க பிரேக்கை மாத்தினாங்களான்னு பாருங்க. 1972 வண்டிக்கு நாலு வீலிலும் டிரம் பிரேக்தான். வேகத்துக்குச் செலவு பண்ணினவர் நிறுத்தறதுக்குப் பண்ணாம விட்டது மாத்தின கார்களில் சகஜம். வயரிங்கும் அப்படித்தான், ஹாரனுக்கு ஒருத்தர், லைட்டுக்கு ஒருத்தர், பாட்டுப்பெட்டிக்கு ஒருத்தர்னு இழுத்து இன்சுலேஷன் டேப் சுத்தியிருப்பாங்க. அதை ரிப்பேர் பண்றதை விட மொத்தமா புதுசு போடறதுதான் மலிவு, பத்திரமும்கூட.

இந்தப் பரிசோதனைக்குப் பிறகுதான் எஸ்டிமேட். அதுக்கு முன்னாடி யார் சொல்ற தொகையும் குத்துமதிப்பு.

இப்போ பணக்கணக்கு. டிங்கரிங், வெல்டிங், பிரேக், சஸ்பென்ஷன், வயரிங், இன்ஜின், பெயிண்ட், சீட் எல்லாம் சேர்த்து 4,00,000 ரூபாய்னு வந்ததா வைங்க (உதாரணத்துக்குத்தான், உங்க ஊர் விலையை நீங்களே எடுங்க). நண்பர்கள் உடனே பர்சனல் லோன் சொல்வாங்க. 14 சதவீதம், 4 வருஷம்னா இஎம்ஐ சுமார் 10,930 ரூபாய். வட்டி மட்டும் 1,24,000 ரூபாய்க்கு மேல. 48,000 சம்பளத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு, ஓடாத காருக்குப் போகும். அதைவிடக் கெட்டது, லோன் பணம் மொத்தமா கையில இருந்தா எல்லா வேலையும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்கும். கழட்டின கார் ஒரு மூலையில், இஎம்ஐ இன்னொரு மூலையில்.

கையில உள்ள 1,60,000 ரூபாயையும் தொட வேண்டாம். வீட்டுச் செலவுக்கும் பையன் பங்கா மாசம் 25,000 போகுதுன்னா, ஆறு மாச அவசர நிதியே 1,50,000. மிச்சம் 10,000 ரூபாய் பேப்பர் வேலையை ஆரம்பிக்கும். காருக்குன்னு தனியா மாசம் 8,000 ரூபாய் ஆர்டி போடுங்க. 6.5 சதவீதத்தில் ஒரு வருஷத்தில் 99,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல சேரும். அந்தப் பணத்தில் பாடி சட்டமும் பிரேக்கும் மட்டும். அது முடிஞ்சு வண்டி பத்திரமா நின்னா, அடுத்த வருஷப் பணத்தில் வயரிங்கும் இன்ஜினும். பெயிண்ட் எல்லாத்துக்கும் கடைசி. நாலு வருஷம் ஆகும், ஆகட்டும். நடுவுல தங்கச்சி கல்யாணம் வந்தா ஒரு கட்டத்தோட நிறுத்திக்கலாம். லோனை அப்படி நிறுத்த முடியாது.

எஸ்ஐபியை நிறுத்திட்டு காருக்குப் போடறேன், இதுவும் முதலீடுதானேன்னு சிலர் வாதம் பண்றாங்க. எனக்கு இதில் உடன்பாடு இல்ல. அசலா இருக்கும் வண்டிக்குச் சேகரிப்பாளர்கள் விலை தரலாம். உங்க ரசனைக்குக் கட்டின வண்டிக்கு உங்க ரசனையே உள்ள இன்னொருத்தர் வரணும், அதுவும் பேப்பர் கேட்காத ஆளா வரணும். இதைச் சந்தோஷச் செலவுன்னு எழுதுங்க, டூர் போற மாதிரி.

அதனாலதான் பையனுக்கு நான் சொல்றது, கஸ்டம்ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் சுருக்கிக்கோ. வெட்டின வீல் ஆர்ச்சை மூடு, 1489 சிசி இன்ஜின் கிடைச்சா ஆர்டிஓ அனுமதியோட திரும்ப ஏத்து, உன் ரசனையை சீட்டு துணியிலும் உள் அலங்காரத்திலும் காட்டு. கலரை மாத்தினா ஆர்சியிலும் ஏத்திடு. எலக்ட்ரிக் ஆக்கணும்னா ஏஆர்ஏஐ போன்ற அமைப்பு அந்த மாடலுக்கு ஒப்புதல் கொடுத்த கிட் இருந்தாதான், அதுவும் அங்கீகாரம் உள்ளவர் மாட்டணும்.

பட்டறைக்குப் பணம் கொடுக்கும் விஷயம். மொத்த அட்வான்ஸ் வேண்டாம். வேலை, அளவு, தொகை, தேதி ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்கி, முடிஞ்ச வேலைக்கு மட்டும் கொடுங்க. பட்டி பூசும் முன்னாடி வெல்டிங்கைப் போய்ப் பார்த்து போட்டோ எடுங்க, பூசினப்புறம் எல்லா வெல்டிங்கும் நல்ல வெல்டிங்தான். சென்னை புதுப்பேட்டையில் இன்ஜின் வாங்கினா பில் இல்லாம வாங்காதீங்க. எங்கிருந்து வந்ததுன்னு ஆர்டிஓ கேட்டா காட்ட எதாவது வேணும்.

வண்டியை எங்க வைக்கறதுங்கிறதும் பணக்கணக்குதான். குவார்ட்டர்ஸ் வாசல் கம்பெனி இடம். அப்பா ரிட்டையர் ஆகும் தேதியை நாலு வருஷத் திட்டத்தோட ஒத்துப் பாருங்க, பாதி கழட்டின காரோட வீடு காலி பண்றது லேசான வேலை இல்ல. சித்தப்பா ஷெட்டே போதும், ஆனா கூரையை மாத்துங்க. பாடி வேலையை தை பிறந்ததும் ஆரம்பிச்சா, மழைக்கு முன்னாடி தகடு வெல்டிங்கும் துரு தடுக்கும் பிரைமரும் முடிச்சுடலாம்.