இரும்பு விலைக்கு ஏன் கொடுக்கிறீர்கள்?

"வண்டிக்குப் பதினஞ்சு வருஷம் முடியப்போகுது. இனி காயலான் கடைக்குத்தான்." விருதுநகர், சாத்தூர், சிவகாசி பக்கம் பழைய சின்னக் கார் வைத்திருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். இந்தப் பயத்திலேயே நன்றாக ஓடும் ஆல்டோவையும் சான்ட்ரோவையும் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். பட்டாசு ஆலையிலும் அச்சகத்திலும் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய வண்டி அது. பார்க்க மனசு ஆறவில்லை.

இந்தப் பயம் டெல்லியிலிருந்து வந்தது. டீசல் வண்டிக்கு 10 ஆண்டு, பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு என்ற கட்டுப்பாட்டை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொண்டுவந்தது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் அது தலைநகர் வட்டாரத்துக்கு மட்டுமான உத்தரவு. 2021 ஆகஸ்டில் வந்த வாகன அழிப்புக் கொள்கையும் வயதை மட்டும் பார்த்துச் சொந்த உபயோக வண்டியை உடைக்கச் சொல்லவில்லை; தகுதிச் சோதனையில் தேறாத வண்டியைத்தான் ஒதுக்கச் சொல்கிறது.

நம் ஊர் நடைமுறை வேறு. பதிவு முடிவதற்கு முந்தைய 60 நாளுக்குள் படிவம் 25 கொடுத்து, பசுமை வரி கட்டி, வண்டியை ஆர்டிஓ ஆபீசில் காட்டினால், தேறிய வண்டிக்கு இன்னும் 5 ஆண்டு கிடைக்கும்; இதைத்தான் பேச்சுவழக்கில் எஃப்சி என்கிறோம். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். கட்டணம் கூடியது உண்மை. ஆனாலும் 2010-ல் பதிவான வண்டியைப் புதுப்பித்து, "எஃப்சி 2030 வரைக்கும் இருக்கு" என்று சொல்லி விற்பதும், "எஃப்சி நீங்களே பாத்துக்கோங்க" என்று சொல்லி விற்பதும் ஒன்றல்ல. இரண்டாவது பேச்சை எடுத்ததுமே, அலைச்சல், டிங்கரிங், பெயின்ட் என்று கணக்குச் சொல்லி, கட்டணத்தைப் போலப் பல மடங்கைப் புரோக்கர் குறைத்துக்கொள்வார். வண்டி சோதனையில் தேறும் நிலையில் இருந்தால், புதுப்பித்த பிறகே விலை பேசுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

"பழைய காரை வித்தா 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டணுமாம்" என்பது 2024 டிசம்பரில் கிளம்பிய பேச்சு. அந்த வரி ஜிஎஸ்டி பதிவு உள்ள வியாபாரிக்கு உரியது. அவரும் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள இடைவெளிக்குத்தான் கட்டுவார். வீட்டு வண்டியைத் தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்கு விற்றால் ஜிஎஸ்டியே கிடையாது. பழைய காரின் விலையை உண்மையில் கீழே இழுத்தது வேறொரு மாற்றம். 2025 செப்டம்பர் 22 முதல் புதிய சின்னக் காருக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. ஆல்டோ கே10-இன் ஆரம்ப ஷோரூம் விலை ரூ. 3.70 லட்சத்துக்கு இறங்கியது. புதியதே அந்த விலைக்குக் கிடைக்கும்போது, ஏழெட்டு வயதான வண்டிக்கு மூன்று லட்சம் கேட்டால் யாரும் நிற்கமாட்டார்கள். இதை ஒப்புக்கொண்டு விலை சொன்னால் வண்டி சீக்கிரம் கைமாறும்.

கம்பெனி நிறுத்திய மாடலுக்கு விலையே கிடையாது என்பது பாதி உண்மை. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. ஆனாலும் அதே 796 சிசி எஞ்சின் குடும்பம் ஆல்டோவிலும் ஆம்னியிலும் தொடர்ந்ததால், எந்தத் தெரு மெக்கானிக்குக்கும் அந்த வண்டி அத்துப்படி. நிறுத்திய தேதியை விட, உங்கள் ஊரில் அந்த மாடல் எத்தனை ஓடுகிறது, அதன் சாமான் எங்கே கிடைக்கிறது என்பதுதான் விலையில் தெரியும்.

கிலோமீட்டர் குறைவு என்றால் நல்ல வண்டி என்று வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். மீட்டரைப் பார்க்கும் முன் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். வண்டியின் வயதோடும் மற்ற நான்கு டயரோடும் அதை ஒப்பிட்டால் மீட்டர் சொல்வது பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். உபயோகிக்காமல் நிறுத்தியே வைத்த வண்டியில் ரப்பர் ஹோஸ் இறுகி வெடித்திருக்கும். நம் வெயில் அப்படி.

சிவகாசி வண்டி என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஆடிப்பெருக்கன்று தினசரி காலண்டர் ஆல்பம் வெளியானதும் அச்சகங்களில் வேலை சூடுபிடிக்கும். பின் சீட்டை மடக்கி காலண்டர், டைரி கட்டுகளை ஏற்றிப் பார்சல் ஆபீசுக்கு ஓட்டிய கார்கள் இங்கே உண்டு. காகிதத்தின் கனம் தூக்கினவருக்குத் தெரியும். சமதளத்தில் நிறுத்திப் பின்புறம் தாழ்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். டிக்கி ஓரத்தை இரண்டு கையாலும் அழுத்தி விட்டால், வண்டி ஒரு முறை எழுந்து அடங்க வேண்டும். நாலைந்து முறை ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. சொந்தக்காரர் அதை மாற்றிவிட்டு விற்றால், போட்ட பணம் விலையில் திரும்பும்.

கரிசல் காட்டு வண்டி துருப்பிடிக்காது என்ற பேச்சில் நியாயம் உண்டு. கடற்கரை உப்புக்காற்று இங்கே இல்லை. ஆனால் அந்த வண்டி எங்கிருந்து வந்தது? 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடி மாவட்டமே வெள்ளத்தில் நின்றது. வெளியூர் வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள். உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை ஒன்று இருக்கிறது. "கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாச்சு, பணம் வாங்கியாச்சு, இனி நமக்குச் சம்பந்தம் இல்லை." பழைய வண்டி விற்கும் கன்சல்டிங்கில் விட்ட வண்டி பேர் மாறாமலே பல கை மாறும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு அப்படிப்பட்ட ஒரு காரைப் பற்றியதுதான். கை மாறி மாறிப் போன கார் விபத்தில் சிக்கியது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று தீர்ப்பாயிற்று. விபத்து நடந்தபோது அவர் வண்டியை விற்று ஒன்றரை ஆண்டுக்கும் மேல் ஆகியிருந்தது.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குகிறவர் பெயரை எழுதிய பிறகே பேனாவை எடுங்கள். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவரின் கடமை. வங்கிக் கடன் எப்போதோ முடிந்திருந்தாலும் ஆர்சியில் வங்கியின் பெயர் நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் படிவம் 35 வாங்கி நீக்குங்கள். இன்சூரன்ஸில் சேர்ந்த நோ கிளைம் போனஸ் உங்களுடையது. அதற்குச் சான்று வாங்கிக்கொண்டால் அடுத்த வண்டிக்கு உதவும். சாவியைக் கொடுக்கும்போது எழுதும் டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதி, வாங்குகிறவரின் கையெழுத்தும் ஆதார் நகலும் வாங்கி வையுங்கள். வாசலை விட்டுக் கிளம்பிய பத்தாவது நிமிடம் நாற்கரச் சாலையில் எது நடந்தாலும், வண்டி யார் கையில் இருந்தது என்பதைச் சொல்ல உங்களிடம் இருப்பது அந்த ஒரு தாள்தான்.