இராசகதையும் மல்லிகையின் மறுமொழியும்

பகவான் புத்தர், பிக்குகள் கூடியிருந்து பேசத்தகாத வீண் பேச்சுக்கள் இவையெனப் பலவற்றை எண்ணிக் காட்டியருளினார். அவற்றுள் முதலாவதாக நிற்பது இராசகதை. அதாவது அரசரைப் பற்றிய பேச்சு. அதனையடுத்து வருவது கள்வரைப் பற்றிய பேச்சு. அந்தப்புரத்தில் நிகழ்ந்தது யாது, அரசர் யாரை விரும்பினார், யாரை வெறுத்தார் என்பன செவிக்கு இனிக்கும். மனத்துக்குப் பயன் தாரா.

ஆயினும், பகவான் அரசரைப் பற்றி ஒன்றுமே உரையாதிருந்தாரோ? இல்லை. கோசல மன்னன் பசேநதியின் இல்வாழ்க்கையையே பொருளாகக் கொண்டு அறம் உரைத்துள்ளார். எனவே, விலக்கப்பட்டது வேடிக்கைப் பேச்சேயன்றி ஆராய்ச்சி அன்று. இவ்வேறுபாட்டை நமது மும்பை நகரில் நிகழ்ந்த வழக்கொன்றினால் விளங்கிக்கொள்வோம்.

1925ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் மாலை, மலபார் குன்றில் அப்துல் காதர் பாவ்லா என்னும் செல்வ வணிகர் மோட்டார் வண்டியில் சென்றுகொண்டிருந்தார். உடனிருந்தவர் மும்தாஜ் பேகம். இந்தூர் அரண்மனையில் ஆண்டுகள் பல ஆடல் மகளாக வாழ்ந்து, அவ்வாழ்வை வேண்டாமென்று வெளியேறியவர் அவர். மற்றொரு வண்டியில் வந்தோர் அவர்களை வழிமறித்தனர்; பாவ்லாவைச் சுட்டனர்; மும்தாஜின் முகத்தைக் கத்தியாற் கீறி, அவரை இழுத்துச் செல்ல முயன்றனர். கோல்ப் விளையாடித் திரும்பிய ஆங்கிலப் படையதிகாரிகள் சிலர் இடைபுகுந்ததால் அம்மாது தப்பினார். பாவ்லா இறந்தார்.

உயர்நீதிமன்றத்தில் நீதிபதி கிரம்ப் முன்னிலையில் விசாரணை நடைபெற்றது. குற்றஞ்சாட்டப்பட்டோருள் ஒருவருக்காக வாதாடியவர் முகம்மது அலி ஜின்னா. மூவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இந்தூர் மகாராஜா மூன்றாம் துக்கோஜிராவ் ஹோல்கர் மீது வழக்குத் தொடரப்படவில்லை. எனினும், விசாரணைக் குழுவை ஏற்பதா, அரியணையைத் துறப்பதா என்ற நிலையில் அவர் துறவையன்று, பதவி துறத்தலையே தேர்ந்தார். 1926 பிப்ரவரியில் அவர் மகன் அரசரானார்.

ஊரார் இவ்வழக்கை எங்ஙனம் பேசினர்? அரசரின் செல்வத்தையும் அம்மாதின் அழகையும் பேசினர். இதுவே இராசகதை. கேட்கவேண்டிய வினாவோ வேறு: "இனி நான் அங்கு வாழேன்" என்று ஒரு பெண் சொன்ன சொல், கொலை விழும் அளவுக்குப் பொறுக்கலாகாததாய் ஆனது ஏன்? அவரும் ஓர் உயிர் என்று எண்ணாமல், உடைமை என்று எண்ணியதே காரணம்.

இனிக் கோசலத்துக்குச் செல்வோம். பூமாலை தொடுப்போர் குடியிற் பிறந்து, பசேநதியின் அரசியானவள் மல்லிகை. ஒருநாள் மேன்மாடத்தில் மன்னன் அவளை நோக்கி, உனக்கு உன்னைவிட அன்பான பிறர் உளரோ என வினவினான். தன் பெயரையே அவன் எதிர்பார்த்திருக்கலாம். அவளோ அஞ்சாது, எனக்கு என்னைவிட அன்பானவர் ஒருவருமிலர் என்றாள். மன்னன் சினந்தானல்லன்; தன் உள்ளத்தை ஆராய்ந்து, தன் நிலையும் அதுவே எனக் கண்டான். பின்னர்ப் பகவானிடம் சென்று இதனைக் கூறினான். எல்லார்க்கும் தம் உயிரே இனிது. ஆதலின் தன்னை விரும்புவோன் பிறரைத் துன்புறுத்தலாகாது என்பதே பகவான் அளித்த விளக்கம்.

அரண்மனை இரண்டு, தனக்குத் தானே உரியவள் என்ற மாதரும் இருவர். ஓரிடத்தில் அச்சொல் அறமாயிற்று, மற்றோரிடத்தில் குருதியாயிற்று. மல்லிகையின் சொல்லைக் கேட்டுத் தன்னை ஆராய்ந்ததே பசேநதியின் பெருமை.

அன்பர்களே! அரியணை இல்லாத வீட்டிலும் அரசர் உண்டு. தாராவியில் ஓர் அறையுள்ள குடிலிலும், "நான் சொன்னதே சட்டம்" என்பவன் அவ்வறைக்கு மகாராஜாவே. பெரியோர் வீட்டுச் செய்தியைப் படிக்கும்போது நம் வீட்டைத் திரும்பிப் பார்ப்போமாயின், அப்படிப்பு வீண் பேச்சாகாது.

படிப்பு வட்டத்தில் ஆராய்க:

1. இராசகதைக்கும் அரசர் வாழ்வை ஆராய்தலுக்கும் வேறுபாடு யாது?

2. மலபார் குன்று நிகழ்ச்சியில் பஞ்ச சீலத்துள் எவை மீறப்பட்டன?

3. நம் இல்லத்தில் மனைவியோ மகளோ "வேண்டாம்" என்று சொன்னால், நாம் பசேநதியைப் போல் நடக்கின்றோமா?